வளைவில் கிடந்த சாமைக்கதிர்

என்னை நினைத்து எனக்கே அருவருப்பு வந்த காலை அது.

பெரிய இன்ஜின், பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் கார். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் காரின் பின்பக்கம் வெளியே சறுக்கிச் சுழன்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதை அடக்கப் பழகத்தான் கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறி, ஒரே வளைவில் மேலும் கீழுமாகப் பறந்துகொண்டிருந்தேன்.

நான் கீழே போயிருந்த நேரத்தில், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ஒரு அம்மா அந்த வளைவில் சாமைக்கதிரைப் பரப்பியிருந்தார். திரும்பி வந்தவன் பார்த்ததும் பதறிக் காலை எடுத்துவிட்டேன். கார் சுழன்றது. அவர் ஓரமாகத் தாவி விழுந்தார். பாதிக் கதிர் பள்ளத்தில் போய் விழுந்தது.

இறங்கியதும் கத்தினேன். "ரோடு இன்னா உன் வூட்டுக் களமா?"

அவர் முழங்கையில் ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. "உனக்கு ஒண்ணும் ஆவலியே தம்பி? தப்பு எம்மேலதாம்பா. வளைவுல போட்டிருக்கக் கூடாது" என்றார்.

தப்பு என் காலுடையது. அந்த நொடியே எனக்கு அது தெரியும். "இனிமே பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இன்று எந்த வளைவிலும் அந்தக் கார் என் பேச்சைக் கேட்கிறது. பிரமாதமாக ஓட்டுகிறாய் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறேன். நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, ரத்தம் ஒழுக நின்றவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.