சட்டைக்குள் தள்ளிய விசில்

குத்துச்சண்டையில் நடுவராக நிற்பவருக்கு மூன்று சொற்கள் போதும். 'பாக்ஸ்' என்றால் மோதலாம். 'பிரேக்' என்றால் கட்டிப் பிடித்ததை விட்டுவிட்டு ஓர் எட்டு பின்னால் போக வேண்டும். 'ஸ்டாப்' என்றால் அப்படியே நிற்க வேண்டும். இந்த மூன்றையும் படித்துவர என்னைத் திருச்சிக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாளுக்கு ஒரு சொல்லா என்று என் கணவர் கேட்டார். மூன்று நாளும் அவர்தான் சமைக்க வேண்டியிருந்தது, அந்தக் கடுப்பு அவருக்கு.

குரும்பலூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. கபடி ஆடி வளர்ந்தவள். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பெண்கள் கபடி நடந்தால் பெரும்பாலும் என் விசில்தான் கேட்கும். பி.டி. டீச்சர் என்றால் எல்லா விளையாட்டும் தெரியும் என்பது மேலே உட்கார்ந்திருப்பவர்களின் நம்பிக்கை. நீளம் தாண்டுதலுக்கும் நான்தான், கேரம் போர்டுக்கும் நான்தான். பெண்கள் குத்துச்சண்டை வந்தபோதும் பெண் நடுவர் வேண்டும் என்று என் பெயரையே எழுதிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருச்சியில் முதல் நாளே பயிற்சியாளர் என் கழுத்தைப் பார்த்தார்.

"மேடம், அத மொதல்ல கழட்டுங்க. ரிங்குக்குள்ள நடுவருக்கு விசிலே கெடையாது. வாயாலதான் சொல்லணும்."

கழற்றிக் கைப்பையில் போட்டேன். தாலியைக் கழற்றி வைத்திருந்தால்கூட கழுத்து அவ்வளவு வெறுமையாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமழபாடிப் பக்கம். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கபடியில் நல்ல ரைடர். முந்தைய ஆண்டு அரியலூரில் ஓர் ஆட்டத்தில், எதிரணிக்குள் போய் இருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் ஆடுகளத்துக்குள் ஓடி வந்தது. விசில் அடித்தேன். கோட்டுக்கு ஒரு சாண்தான் இருந்தது, காலை நீட்டினால் போதும். அவள் நீட்டவில்லை. நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். பின்னால் துரத்தி வந்தவள் வேகத்தில் அவள்மேல் விழுந்து, இவள் முழங்கை சிராய்த்துப் போனது.

"ஏன்டி, ஒரு எட்டு வச்சிருந்தா கோட்டத் தொட்டிருப்பியே?" என்றேன்.

"விசில் அடிச்சிட்டீங்களே மிஸ்" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல.

எத்தனையோ பேருக்கு விசில் அடித்திருக்கிறேன். கேட்காத மாதிரி இரண்டு எட்டு திருடுகிறவர்கள்தான் அதிகம். இப்படி நிற்பவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அவளை மிகவும் பிடித்துப் போனது.

அவள் குத்துச்சண்டையும் பழகினாள். பள்ளி அளவில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துப் பெரம்பலூரில் தேர்வுப் போட்டி நடந்தது. அதில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கும் என்று அவளுடைய பயிற்சியாளர் விசாரித்து வைத்திருந்தார். அதே எடைப் பிரிவில் எதிரே நின்றவள் லப்பைக்குடிக்காட்டுப் பெண். அவளும் சளைத்தவள் இல்லை.

அன்று காலை நான் வெளியே மைதானத்தில் கபடிக்கு நடுவர். பதினொரு மணிக்கு உள்ளரங்கத்திலிருந்து ஆள் ஓடி வந்தார். குத்துச்சண்டைக்கு நடுவராக வரவேண்டிய பெண்மணியின் பஸ் வழியில் பஞ்சராகி நிற்கிறதாம், உடனே வாங்க டீச்சர் என்றார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையை மாட்டினேன், கறுப்பு டையைக் கட்டினேன், ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு வளையத்துக்குள் ஏறினேன். விசில் சட்டைக்கு உள்ளே கழுத்தில் தொங்கியது. மறைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறந்தே போனேன்.

முதல் ரவுண்டு நன்றாகப் போனது. சிவப்பு மூலையில் நம் திருமழபாடிப் பெண், நீல மூலையில் மற்றவள். பார்வையாளர் பக்கம் ஒரே கூச்சல். எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவர் சிவப்பு மூலைப் பெண்ணின் தாய்மாமன். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "உடாத, உடாத" என்று அவர் கத்தியது எனக்கே காதை அடைத்தது.

இரண்டாவது ரவுண்டில் நீல மூலைப் பெண்ணின் பின்னல் தலைக்கவசத்திலிருந்து அவிழ்ந்து கண்ணில் விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தி அதைச் சரிசெய்ய வேண்டும். 'ஸ்டாப்' என்று வாயைத் திறக்க வேண்டிய நான், கழுத்துக் கயிற்றை இழுத்தேன். ரப்பர் வாடையோடு விசில் வாய்க்கு வந்தது. அடித்துவிட்டேன்.

சிவப்பு மூலைப் பெண் நின்றாள். இரண்டு கையையும் இறக்கிவிட்டு, என்ன மிஸ் என்பதுபோல என் பக்கம் திரும்பினாள். எதிரே இருந்தவளுக்கு விசில் ஒரு பொருட்டே இல்லை. காலையிலிருந்து கூட்டத்தில் யார் யாரோ விசில் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது 'ஸ்டாப்' என்ற சொல்லைத்தான். அவள் வலது கையால் ஒரு குத்து விட்டாள். நம் பெண் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அப்போது நான் செய்த முதல் காரியம் விசிலைச் சட்டைக்குள் தள்ளியது. எண்ணத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதை எழுதும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. விழுந்த பிள்ளையைப் பார்க்காமல் கை முதலில் அங்கேதான் போனது.

மூன்று எண்ணுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். எழுந்தாலும் எட்டு வரை எண்ண வேண்டும் என்பது விதி. மீதி ஐந்து எண்களும் அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, மதிப்பெண் போடுகிறவர்களிடம் நடந்ததைச் சொல்ல அதுதான் சரியான இடம். சொல்லவில்லை. எதிராளியின் பின்னலைத் தலைக்கவசத்துக்குள் செருகச் செய்துவிட்டு, "பாக்ஸ்" என்றேன்.

மூன்றாவது ரவுண்டில் அவள் எதிராளியைப் பார்த்ததைவிட என் கையைப் பார்த்ததுதான் அதிகம். மதிப்பெண் போட்ட மூவரில் இருவர் நீல மூலைக்குக் கொடுத்தார்கள். நீல மூலைப் பெண்ணின் கையை நானே தூக்கினேன்.

மாமன் சும்மா இருப்பாரா? வளையத்தின் பக்கத்துக்கே வந்துவிட்டார்.

"விசில் சத்தம் கேட்டுத்தாங்க எங்கக்கா மவ நின்னா. இது என்னங்க நியாயம்?"

நடுவரை யாரும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் ஆடுகிறவர்கள்மேல்தான் இருக்கும். விசில் கூட்டத்திலிருந்து வந்தது என்றே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். தலைமை நடுவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர், பொறுமை கொஞ்சம் கம்மி. காலையிலிருந்து அதிகம் கத்தியது யார் என்று யோசித்தவர், மாமனையே கை காட்டினார்.

"நீதானய்யா அங்க ஆடிக்கிட்டு இருந்த? நீயே விசில் அடிச்சிட்டு நீயே நியாயம் கேக்குறியா? வெளிய போ."

"கத்துனேங்க, இல்லேங்கல. விசில் அடிக்கத் தெரியாதுங்க எனக்கு" என்றார் அவர். யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் தோளைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சொந்த மருமகளைத் தோற்கடித்த மாமன் என்று ஒரு குரல் வந்தது.

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் முகத்தில் ஐஸ் துணியை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா அடிக்கலீங்க மிஸ்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நீங்கதான் அடிச்சீங்க என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டு, எதையாவது பேசித் தப்பித்திருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும். அவள் அதற்கு இடம் வைக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து விசிலை எடுத்துக்கொண்டு போய்த் தலைமை நடுவரின் மேசைமேல் வைத்தேன்.

"அடிச்சது நான் சார். பழக்கத்துல அடிச்சிட்டேன்."

அவர் விசிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இத அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு மனுசன வெளிய புடிச்சுத் தள்ளிட்டமே!"

மாமனை உள்ளே கூப்பிட்டு அவரே மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். மாமன் என் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

முடிவை ரத்து செய்து மறு ஆட்டம் வைப்பது என்று தலைமை நடுவர் சொன்னார். அடுத்த சிக்கல் நீல மூலை. ஜெயித்தவளை மறுபடி மோதச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் அத்தா துபாயில் வேலை பார்க்கிறார். அவருக்கு வீடியோ காலில் சொல்லி, அவர் அழுது, எல்லாம் முடிந்திருந்தது. கூட வந்திருந்த அவள் உம்மா என்னிடம் நேராகவே கேட்டார்.

"ஏன் டீச்சர், ஒங்க தப்புக்கு எம் மவ ரெண்டு தடவ அடி வாங்கணுமா?"

"ஆமாங்க, என் தப்புதான்" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் கையுறையை மறுபடி மாட்ட ஆரம்பித்திருந்தாள்.

"சரி, ஏறி நிக்கட்டும். கைய எறக்குன புள்ளய அடிச்சு ஜெயிச்சான்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது" என்றார் உம்மா.

மாலை நான்கு மணிக்குப் பஞ்சர் பஸ் நடுவர் வந்து சேர்ந்தார். மறு ஆட்டத்துக்கு நடுவராக அவரே நின்றார். மூன்று ரவுண்டும் சுத்தமான ஆட்டம். மாமன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு சத்தம் போடவில்லை. மூவருமே நீல மூலைக்கு மதிப்பெண் கொடுத்தார்கள்.

நம் பெண் வளையத்தைவிட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"இது பரவால்ல மிஸ். இது நான் தோத்தது" என்றாள்.

சென்னைக் கல்லூரி இடம் அத்தோடு போனது. நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். செய்ததை ஒப்புக்கொண்டாயிற்று, மறு ஆட்டமும் நடந்தாயிற்று, இனி இதில் பாக்கி ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் கல்லங்குறிச்சியில் கபடி. நான்தான் நடுவர், அதே விசில். அவள் ரைடு போனாள். பழைய வேகம் அப்படியே இருந்தது. ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரணிப் பெண் ஒருத்தி கால் மடங்கி விழுந்தாள். விசில் அடித்தேன்.

களத்தில் எல்லாரும் நின்றார்கள். அவள் நிற்கவில்லை. இரண்டு கையையும் மடக்கி முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். அப்படியே பின்வாக்கில் நான்கு எட்டு வைத்து, நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் போனாள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கையை இறக்கி என்னைப் பார்த்தாள்.

விசிலுக்குப் பிறகு நகர்ந்ததற்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும். நான் அதைக் கொடுக்காமல், கால் மடங்கி விழுந்தவளைப் பார்க்கப் போனேன்.