நாய்ச் சங்கிலியும் டிரெய்லரும்

என் பந்தயப் பக்கி வண்டிக்கு ரோட்டில் ஓட உரிமை கிடையாது. இரும்புக் குழாய்க் கூடு, பழைய காரிலிருந்து கழற்றிய என்ஜின், மண்ணைக் கவ்வும் நாலு சக்கரம். கல்லூரி முடித்த கையோடு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நானும் அண்ணனும் சேர்ந்து கட்டியது. மண் தடத்தில் பறக்கும்; தெருமுனைவரை ஓட்டிப் போனால் குற்றம். பந்தயம் நடக்கும் ஊருக்கு அதை ஏற்றி எங்கள் ஜீப்பில் இழுத்துப் போக ஒரு டிரெய்லர் செய்யக் கொடுத்தோம்.

அதன் பிறகுதான் விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. என்ஜினே இல்லாத வண்டிக்கும் தனிப் பதிவு, தனி எண். அதன் முதுகில் அதன் எண்ணோடு, இழுத்துப் போகும் வண்டியின் எண்ணும் தெரிய வேண்டும். எதற்கு என்று யோசித்தபோது சட்டென்று புரிந்தது. பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகும் ஜீப் தெரியாது. டிரெய்லர் இடித்துவிட்டுப் போனால் அவர் யாரைத் தேடுவார்? யாரோ ஒருவர் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத அந்த மனிதருக்காக இதை யோசித்திருக்கிறார். எந்தப் பாடப் புத்தகமும் என்னை இப்படி வாய் பிளக்க வைத்ததில்லை.

"ஏட்டி, இத பரிட்சைக்குப் படிச்சிருந்தா இன்னேரம் கலெக்டராயிருப்ப" என்றான் அண்ணன்.

ஜீப்பையும் டிரெய்லரையும் சேர்ப்பது ஒரே ஒரு இரும்புப் பின். அது கழன்றாலும் வண்டி ஓடிவிடாமல் பிடிக்க இரண்டு சங்கிலி வேண்டும் என்றேன். அண்ணன் சிரித்தான்.

"கரும்பு லோடு அடிக்கிற டிராக்டருக்கே சங்கிலி கெடையாது. அம்புட்டுப் பேரும் வெறும் பின்ன மாட்டிட்டுப் போயிட்டே இருக்காங்க."

சொன்னானே தவிர, வாங்கி வந்தான். பளபளவென்று இரண்டு நாய்ச் சங்கிலி.

"நம்மூரு நாய் இழுக்காத இழுப்பா? அதையே தாங்குது."

விடிகாலையில் எங்கள் தெருவில் நாய்கள் தம் ஆட்களை நடத்திப் போவதைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் பக்கம் என் முதல் பந்தயம். வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் டிரெய்லரைக் காட்டி, அன்றே பாஸானால்தான் எண் கிடைக்கும். இல்லையென்றால் பக்கி வீட்டிலேயே நிற்கும், நானும்தான்.

ஆய்வாளர் ஒரு பெண்மணி. காக்கி உடுப்பு, கையில் அளவு டேப். நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார், டிரெய்லரின் பின்னால் போய் நின்றுகொண்டு அண்ணனைப் பிரேக் மிதிக்கச் சொல்லிச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. கடைசியாகச் சங்கிலியிடம் வந்து நின்றார்.

"இது என்ன?"

"சேப்டிக்கு மேடம்" என்றான் அண்ணன்.

"இதுல வழக்கமா என்னத்தக் கட்டுவீங்க?"

"நாய், மேடம். எப்பேர்ப்பட்ட நாயும் நிக்கும்."

வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"டிரெய்லரு நிக்குதான்னு பாத்துருவோம். அந்தப் பின்ன உருவிட்டு மெதுவா முன்னால எடுங்க."

ஜீப் ஒரு முழம்கூட நகர்ந்திருக்காது. டக் டக்கென்று இரண்டு சத்தம். டிரெய்லரின் மூக்கு மண்ணில் குத்திப் புதைந்தது. அறுந்த சங்கிலி ஜீப்பின் பின்னால் வால் மாதிரி ஆடியது. மேலே பக்கி ஏறியிருந்து, மலைப் பக்கத்துச் சரிவில், பின்னால் பைக்கில் ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தால்?

"ஆபீஸ் அடைக்கிறதுக்குள்ள வேற போட்டுட்டு வாங்க. இல்லன்னா திங்கக்கிழமைதான்" என்றார்.

மடவார் வளாகம் பக்கம் ஓர் இரும்புக் கடையில் விரல் கனத்துக்குச் சங்கிலியும், அதை மாட்டத் திருகு கொக்கிகளும் வாங்கினோம். அது மடியில் கனக்க, தேரடி வழியாகத் திரும்பினோம். தகரம் மூடி நின்ற தேரைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றுதான் அது எனக்கு என்ஜின் இல்லாத வண்டியாகத் தெரிந்தது. அவ்வளவு மரமும் நகர ஆரம்பித்த பின், அதை நிறுத்துகிறார்களே! சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களை நினைத்ததும் பிடரி சிலிர்த்தது.

"தேர அப்புறம் பாப்பம். நேரத்தப் பாரு" என்றான் அண்ணன்.

ஆபீஸ் மைதானத்தில் சங்கிலியை மாட்டும்போது, "நேரா மாட்டாத. குறுக்கால போடு. இடது பக்கத்துது வலது கொக்கிக்கு" என்றேன்.

"எதுக்கு?"

"படிச்சதுல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

நிஜமாகவே எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

ஆய்வாளர் வந்தார். அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். பின்னை நானே உருவினேன். ஜீப் ஊர்ந்தது. டிரெய்லரின் மூக்கு நழுவியது, விழுந்தது, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. குறுக்கே போன இரண்டு சங்கிலியும் அதைத் தொட்டில் மாதிரி ஏந்தியிருந்தன. ஜீப் வளைந்தபோது அதுவும் வளைந்தது. கழன்றுபோன வண்டி, கழன்றதே தெரியாதது போல் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் "யாத்தே!" என்றார். குறுக்கால என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை இருந்திருக்கிறது.

"போதும், நிறுத்துங்க. பாஸ்" என்றார் ஆய்வாளர்.

அண்ணன் இறங்கி ஓடி வந்தான். முன்னால் உட்கார்ந்திருந்ததால் அவன் எதையும் பார்க்கவில்லை. குனிந்து, சங்கிலியில் தொங்கிய மூக்கைத் தொட்டுப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"மேடம், இன்னொருக்கா செஞ்சு பாக்கலாமா? நான் இங்க நின்னு பாக்கேன்."

"பின்னால எம்புட்டு வண்டி நிக்குது, பாத்தீங்களா?" என்றவர், சங்கிலியை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "லைசென்ஸ் இருக்காம்மா?"

"இருக்கு மேடம்."

"அப்ப அந்தப் பின்ன மாட்டிட்டு நீ ஜீப்புல ஏறு."