வலப்பக்க வேலி

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் அண்ணன் வெண்டெல் அணியை விட்டு வெளியேறினான். ஒஹாயோவிலுள்ள எங்கள் சிற்றூர் பேஸ்பால் அணி விடாமல் தோற்றுக்கொண்டிருந்தது. மைதானத்தின் எல்லை வேலியோரம் நிற்கும் வெளிக்களத்து ஆட்டக்காரர்கள் மூவருமே பந்தை உருப்படியாக அடிக்கவில்லை. அவர்களில் மூத்தவன் அண்ணன்தான்.

"சின்னப் பசங்கள வச்சுப் புதுசா அணி கட்டப்போறேன். நீ அடிக்கிற பந்து வேலியத் தாண்டாம அதுகிட்டயே செத்து விழுது, வெண்டெல்," என்றார் மேலாளர் ரஸ்.

"அப்போ வேலியக் கிட்ட நகத்துங்க," என்று சொல்லிவிட்டு அண்ணன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

புதுப் பையன்களும் அடிக்கவில்லை. அடுத்த பருவத்தில் ரஸ் உண்மையிலேயே வலப்பக்க வேலியை முன்னால் நகர்த்தினார். எதிரணிக்கும் அதே வேலிதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அண்ணன் பக்கத்து ஊர் அணியில் சேர்ந்திருந்தான். அந்தப் பருவத்தில், நான் வெளியூர்ப் பயணம் முடிந்து திரும்பிய வாரம், அவர்கள் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தார்கள். வழக்கமாகச் செத்து விழும் அவனுடைய பந்துகள் அன்று மூன்று முறை வேலியைத் தாண்டின. பந்து வேலியைத் தாண்டினால் அடித்தவர் நான்கு தளங்களையும் ஓடிச் சுற்றி வருவதுதான் வழக்கம்; அவனோ மூன்று முறையும் நடந்தே சுற்றினான். அது எங்கள் ஊர் அணியின் முகத்தில் துப்புவது போல.

"ஓடித் தொலடா, கிழவா!" என்று கத்தினார் ரஸ்.

"எதுக்கு ஓடணும்? வேலிதான் ஓடி வந்துருச்சே!"

அடுத்த முறை அவன் அடிக்க வந்தபோது பந்தை வேண்டுமென்றே அவன் விலாவில் எறிந்தார்கள். மேலே பந்து பட்டால் முதல் தளம் இலவசம்; சிரித்துக்கொண்டே அங்கே போனான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ரஸ் தினமும் காப்பி குடிக்கும் கடையில், அவர் காதில் விழும்படி அண்ணன் தன் கைபேசிக்கு வந்திருந்த குறுஞ்செய்தியை உரக்கப் படித்தான்: "வேலியப் பழைய எடத்துக்கே தள்ளிட்டோம். பசங்களுக்கு அடிக்கக் கத்துக்குடுக்க வர்றியா? — ரஸ்."