என் கடனை விசாரிக்க வந்த ஆள்

யாராவது ரொம்ப மரியாதையாக "உக்காருங்க கண்ணு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டால் இன்றைக்கும் நான் உட்காராமல் நின்றுகொண்டேதான் பேசுவேன். தொண்ணூறுகளின் நடுவில், பி.காம். முடித்த கையோடு, பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனதில் வந்த வியாதி அது.

அப்பா வேலை பார்த்த மில் அப்போது பூட்டிக் கிடந்தது. தாலிக்கொடியைத் தவிர அம்மாவின் நகையெல்லாம் அடகுக் கடையில். வட்டி கட்டாமல் விட்டிருந்தோம். தை பிறப்பதற்குள் கட்டாவிட்டால் ஏலம் என்று கடைக்காரர் சொல்லியனுப்பிவிட்டார். எனக்கு வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தில் வட்டியைக் கட்டி ஏலத்தை நிறுத்திவிடலாம். வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தது இதை மட்டும்தான்.

கம்பெனியில் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்து அவர்களுடைய வரவு செலவையே போடச் சொன்னார்கள். ஒரு தப்பு வரவில்லை. மேனேஜரே, "நல்லாப் போட்டிருக்கீங்க அம்மணி, மொதலாளி ஒருக்காப் பாத்துப்போட்டுச் சொல்லியனுப்புவாரு" என்றார். பஸ் ஏறும்போதே நான் மனசுக்குள் சம்பளம் வாங்கி எண்ணிவிட்டேன்.

அடுத்த வாரம் எங்கள் தெருவுக்கு வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வந்தார். மளிகைக் கடையில் சோடா குடித்துக்கொண்டே, "ஏனுங்க, அந்தப் பச்சைக் கேட்டு ஊட்டுப் புள்ளை எப்படீங்க? குடும்பம் எப்படி, கொடுக்கல் வாங்கல் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி வந்து வயசுப் பெண்ணைப் பற்றி இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம், மாப்பிள்ளை வீட்டுக்காரர். அவரிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு பெண்ணுக்கு வந்த வரனைக் கலைத்த பாவத்தை யார் சுமப்பது?

மளிகைக்காரர் அள்ளி விட்டிருக்கிறார். "தங்கமான புள்ளைங்க. கடனா? அவங்க ஊட்டுலயா? நம்ம கடையிலயே கைமேல காசுதானுங்க!" அந்தக் கடையில் எங்களுக்கு மாசக்கணக்கில் பாக்கி. எதிர்வீட்டு அக்கா அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டாள். "நாப்பது பவுன் பீரோவுல கெடக்குதுங்க, நானே கண்ணால பாத்தனுங்க." வாயால் போடுகிற நகைக்குச் செய்கூலியா, சேதாரமா!

அவர் தலை மறைந்ததும் அக்கா ஓடி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பையன் காங்கேயமா, பொள்ளாச்சிப் பக்கமா என்று அந்த வாரம் முழுக்க இருவரும் அதே பேச்சு. "மொதல்ல வேலை வரட்டும்மா" என்று நான் எரிந்து விழுந்தேன். ஆனாலும் குளித்துவிட்டு வரும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை கண்ணாடி பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். முதலாளி ஃபேனை வேகமாக வைத்தார், காபி சொன்னார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க கண்ணு. கணக்கு உங்களுக்கு நல்லா வருதுங்க. ஆனா இது காசு பொழங்கற எடம். ஆளெடுக்கறதுக்கு முன்னால ஊட்டுக்குக் கடன் கிடன் இருக்குதான்னு விசாரிச்சுப்போடுவோம். நம்ம ஆளு உங்க தெருவுக்கு வந்திருந்தானுங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அப்படியானால் மாப்பிள்ளையும் இல்லை, மண்ணும் இல்லை.

"தெருவுல கேட்டா கடனே இல்லீங்கறாங்க, நாப்பது பவுனுங்கறாங்க. அடகுக் கடையில கேட்டா அத்தனையும் அங்க இருக்குது. கடன் இருந்தாக்கூடப் பரவால்லீங்க. தெருவுக்கே சொல்லிக்குடுத்து மறைக்கறவங்கள நம்பி எப்படீங்க பொட்டிச் சாவியக் குடுக்கறது?"

"நாங்க யாருக்கும் சொல்லிக்குடுக்கலீங்க. கல்யாணத்துக்கு விசாரிக்கறாருன்னு நெனச்சுப்போட்டாங்க."

"கல்யாணத்துக்கா!" என்று பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். மேனேஜரும் கூடவே சிரித்தார்.

பசிக்கிறது என்று வந்தவளிடம், உனக்குப் பசிக்கிறது, அதனால் நீ திருடுவாய், போ என்று சொல்வது என்ன நியாயம்? கடன் இல்லாதவள் எதற்கு இவர் வாசலில் வந்து நிற்கிறாள்? இவருடைய லேத்து மெஷினெல்லாம் பேங்க்குக் கடன். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். அவர் வாங்கினால் முதலீடு, நாங்கள் வாங்கினால் திருட்டு புத்தி.

எழுந்தேன். அதற்குள் அவர் குரலை இன்னும் இனிப்பாக்கிக்கொண்டார். "மனசு ஒடஞ்சுபோடாதீங்க கண்ணு. நகை ஏலத்துக்கு வருதாமா? நம்ம மச்சான் பேருல பைனான்ஸ் ஒண்ணு நடத்தறோம். அப்பாவ வரச் சொல்லுங்க, வட்டியப் பாத்துப் போட்டுக்கலாம்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். தூ!

"கடங்காரிக்கு வேலை இல்லீங்க, ஆனா கடன் மட்டும் உண்டுங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "அது வேற, இது வேறங்க அம்மணி. வேலைக்காரங்க கடங்காரங்களா இருந்தா நமக்கு நட்டம். வெளியாளுக இருந்தா லாபம்" என்றார். கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை. காபி ஆறுது, குடிச்சுப்போட்டுப் போங்க என்று உபசாரம் வேறு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வேலை போனதை அம்மா கேட்டுக்கொண்டாள். "அப்ப அவரு பொண்ணு கேக்க வரலியா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள், பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டு அக்கா, "நல்லதுக்குத்தான கண்ணு சொன்னேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தெருவில் அன்றைக்கு எங்களுக்கு நல்லது நினைத்தவர்கள் அவளும் மளிகைக்காரரும்தான்.

வேறு இடத்தில் வேலை அமையவில்லை. தை நெருங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல் அப்பா அந்த பைனான்ஸுக்கே கிளம்பினார், துணைக்கு நானும் போனேன். கடன் பத்திரத்தில் வேலையில்லாத ஆள் தனியாகப் போட்டால் செல்லாது, படித்த பெண்ணும் ஒரு கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். அங்கே என்னைப் பற்றி யாரும் எங்கேயும் போய் விசாரிக்கவில்லை. கணக்கெழுத நம்பாத கையைப் புரோநோட்டுக்கு நம்பிவிட்டார்கள். அப்பாவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.