முகர்ந்து பார்க்கும் நேரம்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குத் தகவல் வந்தது. நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், கையுறையைக் கழற்றாமலே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். அண்ணனின் மேற்பார்வையாளர் பேசினார்.

"கொஞ்சம் உட்காருங்கம்மா. உங்க அண்ணனுக்கு ரோட்டுல அடிபட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..."

அவர் முடிப்பதற்குள் நான் கேட்டேன். "வேற யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்லம்மா. அவருக்கு மட்டும்தான்" என்றார். எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. அதன் பிறகுதான் அண்ணன் இல்லை என்பது உறைத்தது.

அண்ணனைத் தெரிந்த யாரும் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடத்தில் பத்தொன்பது வருடம் சுண்டெலிகளைப் பராமரித்தார். கூண்டுகளில் மரத்தூள் மாற்றுவது, தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்ப்பது, தீனியை எடை போட்டு வைப்பது அவர் வேலை. எலிகளிடம் அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கடித்த எலியைக்கூட வாலடியில் பதமாகப் பிடித்து இறக்கிவிடுவார். மனிதர்களிடம்தான் சிக்கல். உடன் வேலை செய்தவர்கள் அவருக்குக் குக்கர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருமுறை அங்கே போயிருந்தபோது காவலாளி என்னிடம் சொன்னார்: "அந்தப் பேரே தப்பும்மா. குக்கர் நாலு விசில் அடிச்சுட்டுத்தான் பொங்கும். உங்க அண்ணன் அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடியே பொங்கிடுவாரு." அண்ணனும் பக்கத்தில் நின்று சிரித்தார். கோபம் தணிந்த பிறகு அவரைப்போல் சிரிப்பவரைப் பார்க்க முடியாது.

போன வருடம் அவர் வீசிய ஒரு கண்ணாடி டம்ளர், சுவரில் பட்டுச் சிதறி மகளின் புருவத்தைக் கிழித்தது. எட்டு வயதுக் குழந்தை. குட்டி என்றுதான் கூப்பிடுவோம். டம்ளரை அவள்மேல் வீசவில்லை, யார்மேலும் வீசவில்லை என்று அண்ணன் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தையல் போட்டு முடித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிய அண்ணி, "வீட்டுப் பக்கம் இப்ப வராதீங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

எத்தனை பேர் திட்டியும் மருத்துவரிடம் போகாதவரைப் போகவைத்தது ஓர் எலி. கூடத்தில் அப்போது ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. தனிக் கூண்டில் பழகிய ஆண் எலியிடம் புதிய எலி ஒன்றை விடுவார்கள். முதல் கடி விழ எத்தனை வினாடி ஆகிறது என்று குறிப்பார்கள். ஸ்டாப்வாட்சை அழுத்துவது அண்ணன் பொறுப்பு. சாதாரண எலி முதலில் முகர்ந்து பார்க்கும், சுற்றி வரும், சில சமயம் சண்டையே போடாமல் படுத்துவிடும். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சரியாகச் சுரக்காதபடி வளர்க்கப்பட்ட எலிகள் வேறு மாதிரி.

"மோந்தே பாக்கலம்மா" என்றார் அன்று சாப்பிட உட்கார்ந்தபோது. "வந்தது யாரு, எதுக்கு வந்துச்சு, ஒண்ணும் கிடையாது. ஆறு செகண்டு. நேரா கழுத்துல." தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது நான்தான."

மனநல மருத்துவர் செரட்டோனினை மூளையில் கூடுதல் நேரம் நிற்கவைக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். வாராவாரம் பேச வரச் சொன்னார். அண்ணி ஒரு நிபந்தனை வைத்தார். ஆறு மாதம் மாத்திரை நிற்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது. அதுவரை சனிக்கிழமை மட்டும், என் வீட்டில், என் கண்ணெதிரில் குழந்தையைப் பார்க்கலாம். ஆறு மாதம் சரியாகப் போனால் வீட்டுக்கு வரலாம். அண்ணன் என் அடுப்படிக் காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தார். மூன்று மாதம், நான்கு மாதம். கதவை அவர் சாத்தும் சத்தம் மாறியது. பேருந்தில் காலை மிதித்தவனிடம் "பரவால்ல சார்" என்றதாக வந்து சொன்னார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

அங்கேதான் நான் பிழை செய்தேன். ரத்தத்தில் செரட்டோனின் அளவு பார்த்துச் சொல்லும்படி என்னைத் தினமும் நச்சரித்தார். நான் வேதியியல் படித்தவள். உடம்பின் செரட்டோனினில் பெரும்பங்கு குடலில் உண்டாகிறது, ரத்தத்தில் ஓடுவது மூளைக்குள் போவதில்லை, அந்த எண்ணுக்கும் அவர் கோபத்துக்கும் நேரடியாகச் சம்பந்தமில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தொல்லை தீரட்டும் என்று ஒருநாள் ஊசியைக் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டேன். "நார்மலாத்தான் இருக்கு. ஆனா இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணா" என்றேன். முதல் பாதியை மட்டும் அவர் கேட்டிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, துவைக்கப் போட்ட அவர் கால்சட்டைப் பையில் மாத்திரை ஸ்டிரிப் இரண்டு இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"என்னண்ணா இது?"

"நீதான நார்மல்னு சொன்ன."

"நான் சொன்னது ரத்தத்துல."

"ரத்தம் மூளைக்குப் போகாம வேற எங்க போகுதாம்? டூருக்கா?"

"ரத்தம் போகும். இது போகாதுண்ணா. வாசல்லயே தடுத்துடும். மூளை தனக்கு வேணுங்கறத உள்ளயே செஞ்சுக்கும்."

"அப்ப எனக்கு உள்ள எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"படிச்சவங்க வீட்டுல இதான் தொல்லை. எல்லாத்துக்கும் ஒரு ஆனா" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "அண்ணிகிட்ட சொல்லிடாத. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் பொறு."

மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "செரட்டோனின் குறைஞ்சவங்க எல்லாரும் கை ஓங்கறதில்ல. அது மட்டும்தான் காரணம்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு மாத்திரை உதவுச்சு. நாலு மாசம் கண்ணால பார்த்தோம்" என்றார் அந்த மருத்துவர் அம்மா. மறுபடி சிறிய அளவில் தொடங்கினார். வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார். அதற்கு முன்பே, மூன்றாம் நாள், சனிக்கிழமை இருந்தது.

அண்ணியிடம் சொன்னால் அண்ணன் காலண்டரில் அடித்த நாட்கள் அத்தனையும் போய்விடும். சொல்லாமல் விட்டால் அந்த அறையில் குழந்தை இருப்பாள். வெள்ளிக்கிழமை இரவு இஸ்திரிப் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கண்ணாடி டம்ளர்களையும் வைத்தேன். சனிக்கிழமை காலை அண்ணன் பிளாஸ்டிக் டம்ளரில் காபியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

குட்டி வந்தாள். பந்தை எறிந்து விளையாடினாள். அது அண்ணனின் மூக்குக்கண்ணாடியில் பட்டுக் கண்ணாடி தரையில் விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. அண்ணன் எழுந்தார். வலது கை எழுந்தது. நான் நடுவில் போய் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். அவள் கை தானாகப் புருவத்துக்குப் போனது. அண்ணன் அதைப் பார்த்தார். ஓங்கிய கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா அழறாரா அத்தை?"

"முகம் கழுவறாரு."

"இவ்ளோ நேரமா?"

ஆறு நாள் கழித்து அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மேற்பார்வையாளர் பிறகு நேரில் விவரமாகச் சொன்னார். நிலையத்தின் வாசலில் திரும்பிய ஒரு வேன் அண்ணனின் முழங்கையை உரசியிருக்கிறது. ஓட்டுநர் நிறுத்தாமல் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அண்ணன் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். எதிர்ப்பக்கம் வந்த பேருந்தை அவர் பார்க்கவில்லை.

"ஒடனே ஓடலம்மா" என்றார் மேற்பார்வையாளர். "கொஞ்சம் நின்னாரு. நான் பார்த்தேன். போயிடுவாருன்னுதான் நெனச்சேன்."

எத்தனை வினாடி நின்றார் என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் சில வினாடி நின்றிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசியைக் குத்திய கை என்னுடையது என்பது மட்டும் நிச்சயம்.

நான்காம் நாள் வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அண்ணியின் எதிரில் உட்கார்ந்தேன். "அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அண்ணன் நடுவுல மாத்திரைய..."

"தெரியும்" என்றார் அண்ணி. "புதன்கிழமை வந்தாரு. உள்ள வாங்கன்னேன், வரல. வாசப்படியிலயே நின்னு எலிக் கதையெல்லாம் சொன்னாரு. அப்புறம் நிறுத்தினதையும் சொன்னாரு. உன்ன ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. நாந்தான் பாதியக் காதுல வாங்கலன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மொதல்லேர்ந்து ஆறு மாசம்னேன்." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சண்டைக்கு வருவாருன்னு கதவுல கைய வெச்சுக்கிட்டே நின்னேன். சரின்னுட்டாரு. குட்டியோட புதுப் புத்தகத்தையெல்லாம் குடு, அட்டை போட்டுக் கொண்டாரேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அவளுக்கு அடுத்த திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தெறக்குது."

வீட்டுக்கு வந்து அவர் அறையில் தேடினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பை இருந்தது. ஒன்பது புத்தகங்களில் ஆறுக்கு அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார். ஏழாவதற்குத் தாளை அளவாக வெட்டி வைத்திருந்தார், மடிக்கவில்லை.