போலீஸ் ஜீப் துணைக்கு வந்த வெள்ளிக்கிழமை

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் துபாயில் சிமென்ட் கலக்குகிற வேலையில் இருந்தேன். பர் துபாயைத் தாண்டி மணலுக்கு நடுவில் எங்கள் கேம்ப். வந்து பல மாதம் ஆகியும் நான் பார்த்த துபாய் இரண்டே இரண்டுதான்: ஒன்று சைட், இன்னொன்று என் கட்டில். ஊரிலோ என்னைத் ‘துபாய் மாப்பிள்ளை’ ஆக்கிப் பெண்ணும் பேசி முடித்துவிட்டார்கள். நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவள், “துபாய் எப்படி இருக்கும்?” என்று கேட்டால், மூட்டைப்பூச்சியைப் பற்றியா சொல்ல முடியும்?

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, ஊரைச் சுற்றிப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மெஸ்ஸில் சமைக்கிற தஞ்சாவூர் அண்ணனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கேட்டேன்.

“நீ வரலன்னாலும் பரவால்லடா, சைக்கிள் பத்திரமா வந்துரணும்” என்றார்.

டெரிலின் சட்டை, தலை நிறைய எண்ணெய். மணல் பாதையிலேயே மிதித்து பர் துபாய் சந்துகளுக்குள் நுழைந்தேன். துணிக்கடைகளின் வாசலில் நின்று நின்று பார்த்தேன். கடல் ஊருக்குள் புகுந்து ஓடுகிற இடத்தில் மரக்கப்பல்களைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். ராஜா மாதிரி இருந்தது. திரும்பும்போது, ராஜா மணலில் போவதா என்று தார் ரோட்டில் ஏறினேன்.

ஏறியதும் ஒரே மரியாதை. எதிரில் வருகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. சட்டை அப்படி எடுப்பாக இருக்கிறது போல என்று நானும் ஒவ்வொருவருக்கும் சலாம் வைத்துக்கொண்டே போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு தண்ணீர் டேங்கர் நேராக என் மேலேயே வந்தது. ஹாண்டிலை ஒடித்து மணலில் போய் விழுந்தேன். டேங்கர் கிறீச்சிட்டு நின்றது.

“ஏய்யா, குடிச்சிட்டா ஓட்டுற?” என்று கத்தினேன், தமிழில்.

டிரைவர் ஒரு பாகிஸ்தான் பட்டாணியன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அரே பாய், பாகல் ஹை க்யா?” என்று என்னைத்தான் பைத்தியமா என்று கேட்டுவிட்டுப் போனான். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தால், பக்கத்தில் போலீஸ் ஜீப்.

இறங்கி வந்தவர் முதலில் கேட்டது பத்தாக்கா. கம்பெனி கொடுக்கிற அடையாள அட்டை அது. பாக்கெட்டைத் தடவினேன். அட்டை பழைய சட்டையில், சட்டை கேம்ப்பில்! அட்டை இல்லாதவனைப் பிளேனில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று கேம்ப்பில் தினமும் பேசுவார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து நிற்கிற துபாய் மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

“மாஃபி” என்றேன். இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அரபி.

அவர் சைக்கிளைச் சுற்றி வந்தார். பெல் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். “மாஃபி.” பிரேக் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். அதுவும் மாஃபி. என் தலையைத் தொட்டுக் காட்டி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பது போலப் பார்த்தார். வாய் தவறி அதற்கும் “மாஃபி” என்றுவிட்டேன்.

மனிதர் சிரித்துவிட்டார். “ஹிந்தி?” என்று, அதாவது இந்தியனா என்று கேட்டு, தோளைப் பிடித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். ஓடுகிற வண்டிகளைக் கையால் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் இடது பக்கம், இங்கே எல்லாரும் வலது பக்கம்! இத்தனை மாதமாக சைட்டுக்கு லாரியின் பின்னால் தூங்கிக்கொண்டே போனவனுக்கு ரோடு எந்தப் பக்கம் ஓடினால் என்ன?

“கேம்ப்?” என்றார். கை காட்டினேன். “யல்லா” என்று என்னைச் சைக்கிளில் ஏறச் சொல்லி, பின்னாலேயே ஜீப்பில் வந்தார். தப்பித்தேனா, பிடிபட்டேனா என்று தெரியாமலே மிதித்தேன். ஆனால் ஒரு வண்டியும் என்னை நெருங்கவில்லை. எல்லாம் ஜீப்பைப் பார்த்து ஒதுங்கிப் போனது.

கேம்ப்பே வெளியே வந்து நின்றது. “டேய், கைதியா வர்றியா, மந்திரியா வர்றியா?” என்று ஓடிவந்த தஞ்சாவூர் அண்ணன், முதலில் சைக்கிளைத்தான் தடவிப் பார்த்தார். நான் உள்ளே ஓடி, பழைய சட்டையோடு பத்தாக்காவைக் கொண்டுவந்து நீட்டினேன். போலீஸ்காரர் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், வலது பக்கம் விரலை ஆட்டிக் காட்டினார். “கலாஸ்” என்றார். முடிந்தது, போ என்று அர்த்தம். அவ்வளவுதான், போய்விட்டார்.

கல்யாணமும் நடந்தது. துபாய் எப்படி இருக்கும் என்று அவள் கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். இன்றைக்கும் சைக்கிளில் போகும்போது பின்னால் ஒரு வண்டி மெதுவாக வந்தால் எனக்குப் பதற்றம் வருவதில்லை. இந்த மண்டையை நம்பாமல் யாரோ துணைக்கு வருகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.