பத்து மணிக்குத் திறக்கும் பூ

குடிநீர் இணைப்பு அலுவலகத்துக்கு வருகிற கடிதங்களில் தேதியும் நேரமும் குத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே மேசை. எல்லோருக்கும் அவர் முத்திரை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. முத்திரை விழாத எதையும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அலுவலகத்தில் ஒருமுறை தீப்பிடித்தபோது, தகவல் எழுத்தில் வரும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை என்பார்கள். சுத்தக் கட்டுக்கதை. பாதி எழுந்துவிட்டார்.

இப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. மேசையோரச் சன்னலில் ஒரு மண்தொட்டி, அதில் சாண் உயரச் செடி. ஆரஞ்சு இதழ்கள், நடுவில் மஞ்சள் பொட்டு. நர்சரிக்காரர் அதை டெய்சி என்றார், செடியும் மறுக்கவில்லை.

வீட்டில் வைக்க வழியில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சிக்கிய தரைத்தள வீடு, வெயில் எட்டியும் பார்க்காது. முன்பு வாங்கிய இரண்டு செடிகள் அங்கேதான் உயிரை விட்டன. "மூணாவதையும் இங்க கொண்டுவந்து கொல்லாதீங்க" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சன்னலில் அது ராஜபோகமாக வளர்ந்தது. முத்திரை விரலை முதல் கணுவரை மண்ணில் விட்டுப் பார்ப்பார். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிடுவார். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புவார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அவர் நகர்த்தியதில்லை என்பது மனைவியின் தரப்பு.

அந்தப் பூவுக்கு ஒரு குணம். வெயில் பட்டால்தான் விரியும். பத்து மணிக்கு மலர்ந்து, நாலரைக்கு இதழ்களைக் கூட்டி மூடிக்கொள்ளும். அலுவலக நேரத்தை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த ஜீவன் அந்தக் கட்டடத்தில் வேறு இல்லை.

வினை புது மேலாளர் உருவில் வந்தது. அவர் வருவது மாலை ஐந்து மணிக்கு. அதுவரை வெளியிடங்களில் ஆய்வுப் பணியில் இருப்பதாக ஐதீகம்.

"என்னய்யா இது? எப்ப வந்தாலும் மூடியே கிடக்கு. பூக்காத செடிக்கு எதுக்குச் சன்னல்? ரெண்டு வாரம் பாப்பேன். அப்புறம் இங்க ஜெராக்ஸ் மெஷின்தான்."

"காலைல பூக்குது சார்."

"யார் பாத்தா?"

அலுவலகமே பார்த்திருந்தது. ஆனால் நீங்கள் வருவதற்குள் அது வேலையை முடித்துவிடுகிறது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பெருக்குகிற அக்காதான் வழி சொன்னார். "வாயால சொன்னா நம்புவாரா தம்பி? எழுதிக் குடு. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே."

முத்திரை ஒரு தாளில் நாலு கட்டம் போட்டார். மலர்ந்த நேரம், மூடிய நேரம், மேலாளர் பார்வையிட்ட நேரம், அப்போதைய நிலை. பத்து வேலைநாளும் ஒவ்வொரு வரிக்கும் முத்திரை குத்தினார். மலர்ந்தது 10.05. மூடியது 4.30. மேலாளர் 5.10. நிலை: மூடியிருந்தது.

தாளை மேலாளர் மேசையில் வைத்தார். முத்திரை விழுந்த தாளுக்கு ஒரு நகல் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. கை தானாக உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டது.

நாலாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பூவைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் இருந்த 5.10-க்கு மட்டும் விளக்கம் கேட்டிருந்தார்கள். முத்திரை அதிலும் நேரம் குத்தி மேலாளர் அறைக்கு அனுப்பினார்.

"தெரிஞ்சு பண்ணீங்களா, தெரியாமப் பண்ணீங்களா?" என்றார் மனைவி, அன்றிரவு வீட்டில்.

"நகல் போகணும்டி. ரூல்."

"போச்சு. செடியோட சேத்து உங்களையும் வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. இங்க வெயில் இல்லன்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

மறுநாள் காலை பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மேலாளர் வந்தார். வாசல் காவலாளி அவரை அடையாளம் தெரியாமல் வரிசையில் நிற்கச் சொன்னதாகக் கேள்வி. நேராகச் சன்னலுக்கு வந்தார். வானம் மூடியிருந்தது. பூவும்.

"எங்கய்யா உன் பூ?"

"மேகம் சார். வெயில் வந்தாத்தான் விரியும்."

"இதுக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கியா?"

"எனக்கு இல்ல சார். அதுக்கு."

மேலாளர் தம் அறைக்குப் போகப் பார்த்தார். சாவி உதவியாளரிடம் இருந்தது. அந்த உதவியாளர் வருவதே நாலரைக்கு. வேறு வழியில்லாமல் முத்திரையின் மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலைத் தூக்குங்க சார்" என்று அக்கா பெருக்கிக்கொண்டு போனார்.

பத்து நாற்பதுக்கு வெயில் தொட்டியில் விழுந்தது. சுருண்டிருந்த இதழ்கள் மெல்லப் பிரிந்தன. கொஞ்ச நேரத்தில் மூன்று பூக்களும் தட்டையாக விரிந்து நின்றன. மேலாளர் வெகுநேரம் பார்த்தார்.

"நிஜமாவே பூக்குதேய்யா."

எழுந்து நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்.

"சரி, ஜெராக்ஸ் மெஷினை அந்தச் சுவர்ப் பக்கம் போட்டுக்கலாம். செடி இங்கயே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மூணாவது கட்டம் மட்டும் இனிமே வேண்டாம்."

முத்திரை பணிவாக எழுந்து நின்றார்.

"எழுத்துல குடுத்துடுங்க சார்."